நாற்பது நாள் தங்கி வந்தவர்

மேலப்பாளையத்து நூகுவுக்கு ஊரை விட்டால் ஆகாது. நூல் வாங்கக் கோவில்பட்டிக்குப் போனால்கூட இரண்டாம் நாளே முகம் செத்துவிடும். ஒரு தடவை மதுரையில் ஆறு நாள் தங்க நேர்ந்தபோது, ஆறு நாளும் சோறு தொண்டைக்குள் இறங்கவில்லை என்று அவரே வெட்கமில்லாமல் சொல்லுவார். விடியலில் பாளையங்கால் வாய்க்காலில் ஒரு முங்கு, மத்தியானம் தறிச் சத்தம் காதில் விழ ஒரு தூக்கம், இந்த இரண்டும் கிடைக்காத இடத்தை அவர் ஊர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். இப்படிப்பட்ட மனிதரைத்தான் முதலாளி காஜா முகைதீன் கடல் கடந்து ஊர் ஊராக அனுப்பிக்கொண்டிருந்தார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் முதலாளி விவரம் தெரியாத ஆளில்லை.

காஜா முகைதீன் கம்பெனியின் சரக்கு சாரம். இடுப்பில் சுற்றிக் கட்டுகிற, கட்டம் போட்ட சாரம். மேலப்பாளையத்தில் நூற்றுச் சொச்சம் தறிகள் அந்தக் கம்பெனிக்கு நெய்தன. முதலாளியின் தகப்பனார் காலத்தில் பினாங்கில் ஒரு கடை திறந்தார்கள். கடைக்கு அனுப்பிய ஆள் ஏழாவது மாதம் கடையைப் பூட்டிச் சாவியை அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு, அழுதுகொண்டே ஊர் வந்து சேர்ந்தான். சரக்கைக் கரையான் தின்றது. சரக்கு மட்டமாக இருந்து கெட்ட கடையைவிட, ஊர் நினைப்பில் கெட்ட கடைதான் அதிகம் என்பது அன்றிலிருந்து அந்தக் குடும்பத்தின் கட்சி.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். புது ஊரில் கடை போடுமுன் ஒரு ஆள் அங்கே போய் நாற்பது நாள் தங்க வேண்டும். விலை விசாரிக்க வேண்டாம், வியாபாரம் பேச வேண்டாம். சும்மா தங்கினால் போதும். திரும்பி வந்து, எத்தனையாவது நாளில் ஊர் நினைப்பு வந்தது என்று சொல்ல வேண்டும். தள்ளி வந்தால் நல்ல ஊர். சீக்கிரம் வந்தால் அந்த ஊர் வேண்டாம். இதற்கு மேலப்பாளையத்திலேயே ஊர்ப் பைத்தியம் பிடித்த ஆளாகத் தேடினார்கள். நூகுவுக்கே தாங்குகிற ஊர் வேறு எவனுக்கும் தாங்கும் அல்லவா? தறிக்குழியில் இருபது வருஷம் உட்கார்ந்து முட்டி தேய்ந்திருந்த நூகு, இப்படித்தான் நாற்பது வயதுக்கு மேல் கப்பலேறினார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்றில் கம்பெனி முன்னால் இரண்டு ஊர்கள் இருந்தன. ஒன்று பர்மாவில், மோல்மேனிலிருந்து படகில் ஒரு நாள் போகிற ஆற்றோரச் சந்தை ஊர். மற்றது இலங்கையில், கொழும்பிலிருந்து கண்டி போகிற வழியில் மலையடிவாரத்தில் ஒரு சின்ன டவுன். கம்பெனிக்கு இங்கிலீஷ் காகிதங்கள் எழுதிக் கொடுக்கும் எலியேசர், பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், பர்மாதான் என்று அடித்துச் சொன்னார். "ஆணும் பொண்ணும் சாரம் கட்டுத சீமை அண்ணாச்சி. ஒரு கடை போட்டா நாலு கடைச் சரக்கு ஓடும்," என்றார். முதலாளி தலையை ஆட்டினாரே தவிர, நூகு போய் வரட்டும் என்று சொல்லிவிட்டார்.

அந்தக் கடை எங்கே திறந்தாலும் அதை நடத்தப் போகிற ஆள் முன்பே முடிவாகியிருந்தது. அசன் முகம்மது. சாரம் மடிக்கிற வேலையில் சேர்ந்து, நயமான பேச்சால் விற்பனைக்கு வந்தவன். அவனுக்குத்தான் நூகு தம் ஒரே மகள் சித்தி ஜனாபாவைப் பேசி வைத்திருந்தார். மனைவி இறந்தபோது ஜனாபாவுக்கு ஆறு வயது. அன்றிலிருந்து சோறாக்கிப் போட்டதும் தலை பின்னிவிட்டதும் நூகுதான். பர்மாவுக்குப் போகிறவன் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை ஊர் வருவான். இலங்கைக்குப் போகிறவன் நோன்புப் பெருநாளுக்கும் வருவான், ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் வருவான், நடுவில் ஒரு கல்யாணம் என்றாலும் வருவான். தூத்துக்குடியிலிருந்து ஒரு ராத்திரிக் கப்பல்தானே. நூகு இதை யாரிடமும் சொல்லவில்லை. மனசுக்குள் சதா இதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் பர்மா போனார். மா சேன் என்ற கைம்பெண்ணின் வீட்டுப் பின்னறைதான் தங்க இடமாகக் கிடைத்தது. தொழ ஒரு பள்ளி இருந்தது, அங்கே ஓதுகிற அரபும் நம் அரபுதான். ஆனால் தொழுகை முடிந்து திரும்பி ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தால் பேச ஒரு வார்த்தை கிடையாது. சாயங்காலமானால் தெரு முழுக்க மீனைப் புளிக்க வைத்து அரைத்த விழுதின் வாடை. மூன்றாம் நாள் பிற்பகலில் அஸர் தொழுதுவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதார். மா சேன் அதைப் பார்த்துவிட்டாள். இந்த ஆள் தன் சட்டியில் சமைத்ததைத் தொட மாட்டான் என்று எப்படியோ புரிந்துகொண்டு, புதுச் சட்டி ஒன்று வாங்கி வந்து, அரிசியும் நாலு முட்டையும் அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு போகப் போக, சந்தையில் விலை கேட்கப் பழகினார். ஆற்றில் எந்தத் துறையில் குளிக்கலாம், எந்தத் துறையில் கூடாது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். நாற்பதாம் நாள் படகேறும்போது கரையில் பத்துப் பேர் நின்றார்கள். ஆனாலும் முதலாளி கேட்பது ஊர் நினைப்பு வந்த நாளை. அது மூன்றாம் நாள்.

பிறகு இலங்கை. இறங்கின நிமிஷத்திலிருந்து சொகுசுதான். அந்த டவுன் கடைத்தெருவில் பாதிக் கடை நம்மவர்களுடையது. காயல்பட்டினத்துக்காரர் ஒருவரின் கடை மாடியில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். கீழே இறங்கினால் நம்மாள் சாப்பாட்டுக் கடை, நாலு எட்டு வைத்தால் பள்ளி, மார்க்கம் சொல்லும் பயான், அதுவும் தமிழில். வெற்றிலைகூடக் களக்காட்டு ஆள்தான் விற்றான். சிங்களவர்கள் கடைக்கு வந்தார்கள், சாமான் வாங்கினார்கள், போனார்கள். அவர்களோடு பேச நூகுவுக்கு ஒரு அவசியமும் வரவில்லை. பாளையங்கால் முங்கு இல்லையே தவிர, மழையைத் தவிர வேறு எதுவும் அவருக்குப் புதிதாகப் படவில்லை.

முப்பத்தொன்றாவது நாள் சிங்களவர்களின் கோயில் ஊர்வலம் ஒன்று வந்தது. பெரிய கூட்டம், மேளம், தீவட்டி. பள்ளிக்கு முன்னால் மேளம் கூடாது என்று நம்மவர்கள் போய் மறித்தார்கள். போலீஸ்காரர் வந்தார், ஏதோ காகிதத்தைக் காட்டினார், மேளம் நின்றது. கூட்டம் வாயைத் திறக்காமல் கடைத்தெருவைக் கடந்து போனது. "பாத்தீரா, இங்கன நம்ம செல்வாக்கை?" என்று பக்கத்தில் ஒருவர் நூகுவின் தோளைத் தட்டினார். நூகு மாடிச் சன்னலிலிருந்து அந்த முகங்களைப் பார்த்தார். கிழவர்கள், சின்னப் பெண்கள், மேளத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்த ஒருவர். ஒவ்வொருத்தரும் கடைகளின் பெயர்ப்பலகைகளை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே போனார்கள். நூகுவுக்குப் பயமாகிவிட்டது. இப்போதே கிளம்பி வீட்டுக்கு ஓடிவிட வேண்டும் போல் இருந்தது.

ஊர் திரும்பியதும் கம்பெனி மாடியில் பங்காளிகள் எல்லாரும் கூடினார்கள். ஜனாபாவின் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்த நேரம் அது.

"பர்மாவுல எத்தனாவது நாள் வே?" என்று கேட்டார் முதலாளி.

"மூணாவது நாள் மொதலாளி."

மாடி குலுங்கச் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். "சிலோன்ல?"

"வரவே இல்ல மொதலாளி. நாப்பது நாளும் நம்ம ஊருல இருந்த மாதிரிதான் இருந்துச்சு."

அதோடு பர்மாப் பேச்சு முடிந்தது. எலியேசர் எழுதிக் கொண்டுவந்திருந்த காகிதத்தை யாரும் பிரிக்கக்கூட இல்லை. பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதருக்கு அன்று ராத்திரி தூக்கம் வராமல் இருந்திருக்க வேண்டும். நூகு நன்றாகத் தூங்கினார். பயம் வேறு, ஊர் நினைப்பு வேறு என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மருமகன் பக்கத்திலேயே இருப்பான் என்ற நிம்மதி மற்ற எல்லாவற்றையும் மூடிவிட்டது.

கல்யாணம் முடிந்து, இலங்கையில் நூகு தங்கிய மாடிக்குப் பக்கத்திலேயே திறந்த கடை நன்றாகவே ஓடியது. அசன் முகம்மது வருஷத்துக்கு மூன்று தடவை வந்தான். வரும்போதெல்லாம் ஜனாபாவுக்குச் சிரிப்பு வீடு கொள்ளாது. நடுவில் காகிதம் போடுவான். மழை, சரக்கு, பள்ளியில் புது ஆலிம், சாப்பாட்டுக் கடையில் கறி உப்புக் கரித்தது, இப்படி. மூன்று வருஷம் அவன் அந்த ஊரில் வாழ்ந்தது அந்த நாலு கட்டடத்துக்குள்தான். நூகு வாழ்ந்த நாற்பது நாளும் அப்படித்தானே!

தொள்ளாயிரத்துப் பதினைந்தாம் வருஷம் வைகாசியில் இலங்கையில் கலவரம் மூண்டது. கண்டியில் இதே போல் ஒரு பள்ளி முன்னால் மூண்ட மேளத் தகராறில் தொடங்கி ஊர் ஊராகப் பரவியது. சிங்களவர்கள் கூட்டமாக வந்து நம்மவர்களின் கடைகளையும் பள்ளிகளையும் தேடித் தேடி உடைத்தார்கள், எரித்தார்கள். கொழும்பிலிருந்து கம்பெனிக்கு ஒரு தந்தி வந்தது. எலியேசர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்.

"கடை எரிஞ்சு போச்சாம் அண்ணாச்சி. அசன் முகம்மது எங்கன இருக்காருன்னு தெரியலையாம்."

பிறகு அங்கே ராணுவச் சட்டம் என்றார்கள். காகிதம் போகவில்லை, ஆள் போக அனுமதியில்லை. ஜனாபா மூன்று மாதம் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டே நின்றாள். யாராவது ஓடித் தப்பித்திருக்கலாம், தோட்டக் காட்டுக்குள் போயிருக்கலாம், தமிழ்க் கூலியாட்கள் மறைத்து வைத்திருக்கலாம் என்று தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். நூகு எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டார். மகளின் முகத்தைப் பார்க்க மட்டும் அவருக்குத் தைரியம் இல்லை.

ஆவணியில் வழி திறந்தது. நூகு தனியாகப் போனார்.

கடைத்தெருவில் பாதி கரிக்கட்டையாக நின்றது. மழை பெய்து பெய்து கரி தெருவில் வழிந்திருந்தது. நம்மவர்களில் இரண்டு பேர்தான் திரும்பி வந்திருந்தார்கள். அவர்களும் ராவோடு ராவாகக் கண்டிக்கு ஓடிப் பிழைத்தவர்கள். "அசனை நாங்க பாக்கலியே," என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். நூகு எரிந்துபோன சாரக் கடையின் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

எதிர்த்தாற்போல் ஒரு ரொட்டிக் கடை. அதிலிருந்து சிங்களவர் ஒருவர் இறங்கி வந்தார். ஐம்பது வயதிருக்கும், முழங்கை வரை மாவு. கடைத்தெருவில் காதால் கேட்டுப் பழகிய உடைந்த தமிழில் பேசினார்.

"நீங்க சாரம்கடைத் தம்பிக்கு மாமா தானே? எனக்குத் தெரியும். முந்தி வந்து நீங்க அந்த மாடியில் இருந்தது. மழை வந்தா சன்னல்ல நின்னு பார்க்கிறது."

நூகுவுக்கு அந்த முகம் ஞாபகத்தில் இல்லை. எவ்வளவு யோசித்தும் இல்லை. மாடிச் சன்னலுக்கு நேர் எதிரே இருந்த கடை அது.

அந்த மனிதர் நூகுவை உள்ளே கூட்டிக்கொண்டு போய், அடுப்புக்குப் பின்னால் மாவு மூட்டைகள் அடுக்கியிருந்த மூலையைக் காட்டினார். கூட்டம் கடையை உடைத்தபோது அசன் முகம்மதுவின் தலையில் அடி விழுந்திருக்கிறது. எல்லாரும் துணிக்கட்டுகளை இழுப்பதில் மும்முரமாக இருந்த நேரத்தில் இவரும் இவருடைய இரண்டு மக்களும் அவனைத் தூக்கிக்கொண்டு வந்து இந்த மூலையில் மறைத்திருக்கிறார்கள். கூட்டம் வந்து கேட்டிருக்கிறது. வாசலில் அடுப்புத் துடுப்போடு நின்று, உள்ளே யாருமில்லை என்று சொல்லியிருக்கிறார். தம் சொந்த சனத்திடம், தம் சொந்தத் தெருவில். இரண்டு நாள் உயிர் இருந்தது. தண்ணீர் குடித்தானாம். ஏதோ ஒரு பேரைச் சொன்னானாம், இவருக்குப் புரியவில்லையாம்.

"உங்க ஆள் ஒருத்தர் இல்லை. எல்லாம் ஓடிட்டாங்க," என்றார் அந்த மனிதர். "கழுவி, வெள்ளைத் துணி சுத்தி, வண்டியில் மாவு மூட்டைக்குள் வச்சுக் கொண்டு போனோம், பள்ளித் தோட்டத்துக்கு. நாங்க மூணு பேர் குழி வெட்டினது. உங்க மந்திரம் எனக்குத் தெரியாது. ஆனா மூணு வருசம் நான் பார்த்தது தானே, கடைக்குள்ள தம்பி எந்தச் சுவரைப் பார்த்துக் கும்பிடுவாரென்று. அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி வச்சேன். சரியா ஐயா?"

நூகு அவரோடு கபரடிக்குப் போய்ப் பார்த்தார். மேடு சரியான வாக்கில்தான் கிடந்தது. ஒரு விரல்கூடப் பிசகவில்லை. அங்கேயே உட்கார்ந்து, ஓத வேண்டியதை ஓதி, ஓத முடியாமல் அழுதார். வெளியூர்க்காரர்கள் இருட்டுமுன் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்று போலீஸ் உத்தரவு இருந்தது. அந்த மனிதரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

ஊருக்கு வந்து மகளிடம் சொன்னார். வெள்ளைத் துணி, குழி, முகம் திருப்பி வைத்தது, எல்லாவற்றையும் சொன்னார். ஜனாபா ஒரு சத்தம் போட்டாள். தெருவில் ஓடிக்கொண்டிருந்த தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. இறந்த நாளிலிருந்து கணக்கிட்டு, புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய இத்தாவில் மிச்சமிருந்த நாட்களுக்கு அவள் வீட்டோடு இருந்தாள்.

சொல்லாத ஒன்று நூகுவின் நெஞ்சை அறுத்துக்கொண்டே இருந்தது. முதலில் முதலாளியிடம் போனார்.

"மொதலாளி, அன்னைக்கு நான் சொன்னது பொய்யி. முப்பத்தொண்ணாவது நாள் எனக்கு ஓடியாரணும் போல இருந்துச்சு. மேளத்தை நிப்பாட்டுன அன்னைக்கு. அதை மறைச்சுட்டேன். மவ புருசன் பக்கத்துல இருக்கட்டும்னு மறைச்சுட்டேன்."

கோபத்தை எதிர்பார்த்து நின்ற நூகுவிடம் காஜா முகைதீன் பைய சொன்னார். "நீரு முப்பத்தொண்ணுன்னு சொல்லியிருந்தாலும் நான் அங்கனதான் போட்டிருப்பேன் வே. மூணு எங்க, முப்பத்தொண்ணு எங்க? போய்ச் சோலியப் பாரும். எல்லாம் அல்லாவோட நாட்டம்."

மன்னித்ததாகத்தான் முதலாளி நினைத்தார். நூகுவுக்கோ அது அடி மேல் அடியாக விழுந்தது. பொய் சொன்னதால் ஒரு உயிர் போயிற்று என்றால் அழுவதற்காவது ஒரு இடம் இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதேதான் என்றால், அத்தனை வருஷமும் கடல் கடந்து கடந்து அவர் அளந்து வந்தது எதை? தம் ஆட்களோடு தாம் எவ்வளவு சௌகரியமாக இருந்தோம் என்பதை மட்டும்தான். அந்த ஊரும் ஊர்க்காரர்களும் அவர் சொன்ன எந்த நாள் கணக்கிலும் இல்லவே இல்லை.

அன்று மத்தியானமே மகளிடமும் சொன்னார். உள்ளறையில் அவள் வெள்ளைச் சேலையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நூகு கதவுப் பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். "பர்மாவுக்குப் போயிருந்தா இன்னைக்கு உயிரோட இருந்திருப்பாரு மவளே. நான்தான் வாயக் கட்டிக்கிட்டேன்."

"பக்கத்துல எங்கனயாவது போடச் சொல்லுங்க வாப்பான்னு அன்னைக்கு நானே ஒங்ககிட்ட கேக்கணும்னு இருந்தேன். வெக்கமா இருந்துச்சு, கேக்கல," என்றாள் ஜனாபா.

அப்பனும் மகளும் சேர்ந்து அழுதார்கள். அழுது ஓய்ந்தபின் அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொகத்தைத் திருப்பி வச்சாகன்னு சொன்னியளே, அவுக பேரு என்ன வாப்பா?"

நூகு வாயைத் திறந்தார். அந்த மனிதரின் குரல் காதில் இருந்தது. மாவு படிந்த கை கண்ணில் ஒற்றிய இடத்தில் இன்னும் சொரசொரத்தது. பேர் மட்டும் வரவில்லை.

"கேக்கலியா?"

"கேக்கல மவளே."

"ஒங்க மருமவன் போட்ட காயிதத்துலயும் இல்ல," என்றாள் ஜனாபா. அவள் குரலில் கோபம் இல்லை. "எதுத்த ரொட்டிக் கடைக்காரன்னுதான் ரெண்டு எடத்துல எழுதியிருக்காக. மூணு வருசம் எதுத்தாப்புலயே இருந்திருக்காகளே வாப்பா. தொழுதுட்டுக் கை ஏந்தும்போது அந்த மனுசருக்கும் நல்லது கேக்கணும்னு இருக்கு. யாருன்னு சொல்லிக் கேப்பேன்?"

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் நூகு தூத்துக்குடிக்கு ரயிலேறப் புறப்பட்டார். எதற்கு வே மறுபடியும் அங்கே என்று வழியில் மறித்துக் கேட்ட முதலாளியிடம், ஒருத்தர் பேரைக் கேட்டு வரப் போகிறேன் என்று மட்டும் சொன்னார்.